போன் முதலா, சோர்வு முதலா?

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால், "இந்தப் போனுதான் பிள்ளையக் கெடுத்துட்டு" என்பார்கள். பாளையங்கோட்டை ஆசிரியர்கள் பலர் சொல்வதும் அதுதான். கண்ணால் காண்பதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஓர் அரசு இதை வைத்துச் சட்டம் போட வேண்டுமானால், முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும். போன் பார்த்துப் பார்த்துப் பிள்ளை சோர்ந்தானா, சோர்ந்திருந்தவன் போனுக்குள் போய் ஒளிந்துகொண்டானா?

ஒரே நாளில் ஆயிரம் மாணவர்களிடம் படிவம் கொடுத்து வாங்கினால் இதற்கு விடை கிடைக்காது. போனும் சோர்வும் சேர்ந்தே இருப்பதுதான் தெரியும், எது முந்தியது என்பது தெரியாது. அதற்கு அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அதற்கான பணம் பெரும்பாலும் அரசுகளிடம்தான் இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 9, 10 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 11,880 பேரைச் சேர்த்து, அவர்கள் வளர வளர மூளை ஸ்கேன், தூக்கம், மனநிலை, திரை நேரம் எல்லாவற்றையும் பதிந்து வருகிறது.

புகையிலைப் பழக்கத்தை அறிய அந்த அரசு தொடங்கிய இன்னொரு தொடர் ஆய்வும் இதற்கு உதவியது. அதிலிருந்த 12 முதல் 15 வயதுள்ள 6,595 பேரின் விவரங்களை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்பே மனநலச் சிக்கல் இருந்ததா என்பதையும் கணக்கில் கொண்டார்கள். அதன் பிறகும், தினம் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருந்தவர்களுக்கு அடுத்த ஆண்டில் மனச்சோர்வு, பதற்றம் போன்ற சிக்கல்கள் வரும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. 2023 மே மாதம் அமெரிக்கத் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி வெளியிட்ட எச்சரிக்கையில் வந்த "இரு மடங்கு ஆபத்து" இதிலிருந்து எடுத்ததுதான்.

அதே 2019இல் ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் பிரிட்டன், அமெரிக்கா நாடுகளில் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணும் ஏற்றத்தாழ்வில் டிஜிட்டல் பழக்கத்தால் விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். இரண்டு முடிவும் முரண்படுவதுபோல் தோன்றும். ஆனால் பலருக்கு ஒன்றும் ஆகாமல் சிலருக்கு மட்டும் பலமாக அடி விழுந்தால், அந்த அடி சராசரியில் கரைந்துபோகும். அந்தச் சிலர் யார் என்று தேடுவதே இப்போது முக்கியமான வேலை. 2022இல் ஓர்பன் குழு அதில் ஒரு துப்புக் கண்டது: பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயது, பையன்களுக்கு 14, 15, இருவருக்கும் 19. இந்த வயதுகளில் பயன்பாடு கூடினால் ஓராண்டு கழித்து வாழ்வில் நிறைவு குறைந்திருந்தது. நிறைவு குறைந்த பிள்ளைகள் பின்னர் சமூக ஊடகத்தை அதிகம் நாடியதும் தெரிந்தது. ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது.

எனக்கு இதில் மிக உறுதியாகத் தெரிவது தூக்கத்தின் வழியாக வரும் கேடு. பருவ வயதில், தூக்கம் வரச் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே இயல்பாகப் பின்தள்ளிப் போகிறது, தூக்கம் தாமதமாகத்தான் வரும். அந்த இடைவெளியில் கையில் போன் இருந்தால், திரை வெளிச்சத்தைவிட அதில் வரும் சண்டையும் கேலியும் பதிலுக்கான காத்திருப்பும் மூளையை விழிக்க வைத்துவிடும். காலையில் பள்ளிப் பேருந்து யாருக்காகவும் நிற்பதில்லை. 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளை 6 மணி நேரத்தோடு வகுப்பில் உட்காருகிறான். கறாரான விதி வகுக்கச் சான்று போதாது என்று 2019இல் சொன்ன பிரிட்டன் தலைமை மருத்துவர்கள்கூட, இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடும் இடம்பெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான் டேட்டா மலிவாகி ஊரெல்லாம் பரவியது; அதனால் அந்த மாற்றம் அந்தக் கணக்கெடுப்பில் தெரியாது. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அறிய நடத்தும் அசர் (ASER) கணக்கெடுப்பில், 2024இல், நாட்டின் கிராமப்புற 14–16 வயதினரில் ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்தவர்களில் 76 சதவீதம் பேர் அதற்கு முந்தைய வாரம் சமூக ஊடகத்துக்கு அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளை அமெரிக்க ஆய்வு பார்க்காது. அங்கே ஆளுக்கொரு போன் என்று வைத்துக் கேள்வி கேட்கலாம். இங்கே அப்பா போன் ராத்திரி மட்டும் கைக்கு வரும் வீடுகள் நிறைய.

மணிக்கணக்கை மட்டும் கேட்பதும் இங்கே உதவாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் தந்த அறிக்கையில், பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்தத் தடை கேட்டது. அந்தக் கொடுமைக்கு வேர் சாதி, போன் அல்ல. ஆனாலும் ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் வரும் சாதிப் பெருமை வீடியோக்களைத் தினம் பார்க்கும் பையனின் மனதிலும், அதில் இழிவுபடுத்தப்படும் பையனின் மனதிலும் என்ன நடக்கிறது என்பது மனநல ஆய்வுக்குள் வர வேண்டிய விஷயம். அம்பாசமுத்திரத்திலோ களக்காட்டிலோ ஒரு தொடர் ஆய்வு நடந்தால், யாருடைய போன், எத்தனை மணிக்குப் படுத்தாய், எதைப் பார்த்தாய், யார் அனுப்பியது என்று அது கேட்க வேண்டும். கேட்பவர் பிள்ளையின் சாதிக்காரராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் அஞ்சாமல் பதில் சொல்ல வழி செய்ய வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத வீடுகள் உண்டு. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் ஒதுங்கினால் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.