வீடியோ நிஜம்தான், வரிதான் பொய்

போன வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு போன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி. "புள்ளை புடிக்கிற கும்பல் நம்ம ஏரியாவுக்கே வந்துருச்சுங்கண்ணா, வீடியோ அனுப்பியிருக்கேன் பாருங்க" என்றார். பார்த்தேன். பைக்கில் வந்த இருவர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். கீழே, 'வடநாட்டுக்காரர்கள், உஷார்' என்று ஒரு வரி.

இருபத்திரண்டு வருடமாகச் செய்தி டெஸ்க்கில் இருக்கிறேன். இந்த வீடியோவை 2018-லிருந்தே எனக்குத் தெரியும். குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. தூக்கிப் போனவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசி நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட வதந்திகள் பரவிய 2018 மே மாதத்தில்தான், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் அடித்தே கொன்றது. எத்தனை முறை எழுதினாலும் கை நடுங்குகிற செய்தி.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அதான் வீடியோவே இருக்கே, எப்படிங்க பொய்யாகும்?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வீடியோ பொய் என்று யார் சொன்னது? அடி விழுவது நிஜம், ரத்தம் நிஜம், அழுகை நிஜம். எந்த ஊரில், என்றைக்கு, யார் யாரை அடித்தார்கள் என்பதைக் காட்சி சொல்வதில்லை, அதன் கீழே இருக்கும் வரிதான் சொல்கிறது. நாம் கண்ணால் பார்ப்பது காட்சியை, நம்புவது அந்த வரியை. நம்பிவிட்டு, "என் கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்கிறோம்.

2023 மார்ச்சில் இதே தம்பியின் கம்பெனியில் மெஷின்கள் ஆளில்லாமல் நின்றன. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் சுற்றின. அவற்றில் ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரண்டு கோஷ்டிகளுக்குள் நடந்த சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இரண்டுக்கும் வரிதான் புதிது. பாட்னாவிலேயே ஆள்வைத்து நடித்து எடுத்த வீடியோவும் இருந்ததாக பீகார் போலீஸே பிறகு சொன்னது. அதற்குள் விஷயம் பீகார் சட்டமன்றம் வரை போய், அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து விசாரித்தது. அன்றைக்கு அந்தப் பொய்யால் நஷ்டப்பட்டவர்தான் இன்றைக்கு அதே தொழிலாளர்களைப் பற்றி இன்னொரு பொய்யை அனுப்புகிறார். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்குறிக்கு எங்கள் தொழிலில் எவ்வளவு வேலை என்று வெளியே பலருக்குத் தெரியாது. 'தாக்குதல்' என்று தலைப்புப் போட்டால் ஆதாரம் வேண்டும். 'தாக்குதலா?' என்று போட்டால் தப்பித்துக்கொள்ளலாம். படிப்பவர் மனதில் தங்குவது என்னவோ அந்தச் சொல்தான். அப்புறம் மறுப்பு வரும், உள்பக்கத்தில் நாலு வரியாக. டிவியில் நாள் முழுக்க ஓட்டிய காட்சிக்கு, கீழே ஓடும் ஒற்றை வரி.

2018 ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அப்போது ஒரு குரூப்பில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குரூப்புக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து, பார்த்ததும் அனுப்பாதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்று அனுப்பியவரைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கடைப் பலகையில் என்ன மொழி, பேருந்து என்ன நிறம், வண்டி நம்பர் எந்த மாநிலம் என்று பாருங்கள். வீடியோவில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், பழைய வீடியோ பல நேரம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். 'எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பினேன்' என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். பயத்தைப் பரப்புவது எச்சரிக்கை ஆகாது.

மறுநாள் காலை தம்பி கூப்பிட்டார். அது கராச்சியில் எடுத்த படம் என்று குரூப்பில் போட்டுவிட்டாராம். "நூறு பேருக்கு மேல பார்த்துட்டாங்கண்ணா, ஒருத்தர்கூடப் பதில் போடல" என்றார். சாயங்காலம் இன்னொரு தடவை போடச் சொன்னேன்.