கப்பல் விருந்தும் ஆண்களின் உடையும்: உணவுக்கூட வாசலிலிருந்து சில குறிப்புகள்

என் கோட்டின் உள்பையில் எப்போதும் ஒரு சிறிய கத்தரிக்கோல் இருக்கும். சொகுசுக் கப்பல்களில் உணவுக்கூட வாசலில் நின்று, வருகிறவர்களை வரவேற்று மேசைக்கு அனுப்புவது என் வேலை. ஃபார்மல் இரவு, அதாவது எல்லோரும் விருந்து உடையில் சாப்பிட வரும் இரவு, வந்துவிட்டால் அந்தக் கத்தரிக்கோலுக்கு ஓய்வு கிடையாது. புதுக் கோட்டின் பின்புறம், இடுப்புக்குக் கீழே பிளவு இருக்கும் அல்லவா? அது விரிந்து கசங்காமலிருக்க வெள்ளை நூலால் பெருக்கல் குறிபோல ஒரு தையல் போட்டுத்தான் கடைக்கு அனுப்புவார்கள். உடுத்துவதற்கு முன் அதைப் பிரித்துவிட வேண்டும். கோட்டுக் கையின் நுனியில் நிறுவனப் பெயர் பொறித்த துணிப்பட்டை ஒன்று தைத்திருந்தால் அதையும் பிரித்துவிட வேண்டும். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்கள் இல்லாத பயணத்தை நான் பார்த்ததில்லை.

ஒருமுறை வயதில் மூத்த ஒருவர் மனைவியோடு வந்தார். நல்ல கருநீல சூட். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவர் திரும்பியபோது பின்னால் அந்த வெள்ளைப் பெருக்கல் குறி பளிச்சென்று தெரிந்தது. "ஐயா, ஒரு நிமிடம்" என்று பூச்சாடியின் மறைவுக்கு அழைத்துப்போய் இரண்டு வெட்டு வெட்டினேன். நூலை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தவர், "நான்கு வருடமாக இதைப் போடுகிறேன். இரண்டு கல்யாணம், ஒரு பணி ஓய்வு விழா. ஒருவர்கூடச் சொல்லவில்லையே" என்றார். மனைவி சொன்னார்: "நான் அதை டிசைன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

பயணத்துக்கு முன் ஆண்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டக்சீடோ வாங்க வேண்டுமா?" போ டையோடு போடும் மாலை விருந்துக் கோட்டும் பேண்டும்தான் டக்சீடோ. கவலை தவறான இடத்தில் இருக்கிறது. டக்சீடோ இல்லை என்பதற்காக நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. திருப்பி அனுப்பியதெல்லாம் அரைக்கால் சட்டையை, கையில்லாத பனியனை, ரப்பர் செருப்பை. மற்றபடி வாசலில் ஒருவரைச் சங்கடத்தில் நெளிய வைப்பவை பிரிக்காத தையல், உதிரும் ஷூ, கழுத்தை நெரிக்கும் காலர், பெட்டியில் நசுங்கிய சட்டை போன்ற சின்ன விஷயங்கள்தான். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பணம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. ஒரு வாரம் முன்னதாக எடுத்துப் போட்டுப் பார்த்தால் போதும்.

முதலில் உங்கள் கப்பல் என்ன கேட்கிறது என்று பாருங்கள். எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி கிடையாது. கியூனார்ட் நிறுவனக் கப்பல்களில் 'காலா ஈவினிங்' என்ற ஃபார்மல் இரவுகள் உண்டு. இன்றும் உடை விஷயத்தில் கண்டிப்பானவர்கள் அவர்கள். அங்கும்கூட டக்சீடோவுக்குப் பதிலாக டை கட்டிய அடர்நிற சூட் போதும். தேசிய உடையும் ஏற்கப்படும். ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை அணிந்து கம்பீரமாக வருவார்கள். செலிபிரிட்டி நிறுவனம் 'ஈவினிங் ஷிக்' என்று பெயரை மாற்றி விதியையும் தளர்த்திவிட்டது. நார்வீஜியன் நிறுவனத்தில் கட்டாய ஃபார்மல் இரவே இல்லை. விரும்பினால் அலங்கரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உங்கள் முன்பதிவுத் தாள்களிலேயே இதற்கென்று ஒரு பகுதி இருக்கும். பத்துப் பேரில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஏழு இரவுப் பயணத்தில் பொதுவாக இரண்டு ஃபார்மல் இரவுகள் வரும். பெரும்பாலும் துறைமுகம் எதுவும் இல்லாமல் நாள் முழுக்கக் கடலில் போகும் நாளில் வைப்பார்கள். ஏறிய அன்றே வைப்பது அரிது. துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபின் வாசலுக்கு வந்துசேர மாலையாகிவிடும், சில சமயம் இரவாகிவிடும் என்பதே காரணம். அன்றைய இரவு உணவுக்கு ஒரு நல்ல சட்டையும் பேண்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். விமானத்தில் வந்து ஏறுகிறவர்கள் சூட்டையே கையோடு எடுத்துவருவது புத்திசாலித்தனம். கப்பல் கிளம்பியபின் தொலைந்த பெட்டி உங்களைத் தேடி அடுத்த துறைமுகத்துக்குத்தான் வர வேண்டும்.

உடுத்திக்கொள்ளவே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறே இல்லை. பஃபே கூடம் திறந்திருக்கும், கேபினுக்கே உணவு வரவழைக்கலாம். ஆனால் கியூனார்ட் போன்ற கப்பல்களில் மாலை 6 மணிக்குப் பிறகு உணவுக்கூடத்தோடு நிற்காமல் பெரும்பாலான பொது இடங்களுக்கும் உடை விதி பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, சூட். ஒன்றே ஒன்று எடுத்துவருவதானால் கருநீலமோ அடர்சாம்பலோ எடுங்கள். அதே சூட்டோடு முதல் ஃபார்மல் இரவுக்கு வெள்ளைச் சட்டையும் டையும், இரண்டாவதுக்கு வேறு டை, நடுவில் வரும் சாதாரண இரவுக்குக் கோட்டை மட்டும் வேறு பேண்டோடு என்று மூன்று இரவை ஓட்டிவிடலாம். மெல்லிய கம்பளித் துணி உத்தமம். உணவுக்கூடத்தில் ஏசி நடுக்கும், மேல்தளத்துக்குப் போனால் புழுங்கும். இரண்டுக்கும் ஈடுகொடுப்பது கம்பளிதான். பாலியஸ்டர் வேர்வையை வெளியே விடாது, மேசையில் உட்கார்ந்த அரை மணியில் முகத்தில் தெரிந்துவிடும்.

அளவைப் பற்றி நான் சொல்வதைவிடத் தையற்காரர் நன்றாகச் சொல்வார். வாசலில் நிற்கிற எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக் கை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தெரிய வேண்டும். காலர் பொத்தானைப் போட்டபின் ஒரு விரல் நுழைய வேண்டும். டையின் நுனி பெல்ட்டைத் தொட வேண்டும், தாண்டிப் போய்த் தொங்கக் கூடாது. ஒற்றை வரிசைப் பொத்தான் கோட்டில் கடைசிப் பொத்தானைப் போடாதீர்கள். உட்காரும்போது மற்றதையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கோட்டு வயிற்றில் முடிச்சுப் போட்டதுபோல நிற்கும். இரட்டை வரிசைக் கோட்டுக்கு இது பொருந்தாது, அதை மூடியே வைத்திருக்க வேண்டும்.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். ஒரு ஃபார்மல் இரவில் லிஃப்டிலிருந்து வாசல் வரை வெளிர்நிறக் கம்பளத்தின்மேல் எறும்பு வரிசைபோலக் கறுப்பாக ஏதோ கிடந்தது. துப்புரவுக்கு ஆளை அழைக்கப்போனேன். பிறகுதான் கவனித்தேன், வரிசை நகர்ந்துகொண்டே போகிறது. முன்னால் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். அவர் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் ஷூவின் அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது. "ஒரே ஒரு தடவை போட்ட ஷூ. எட்டு வருடமாகப் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது" என்றார். அவரால் நம்ப முடியவில்லை.

பத்திரமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து ஆண்டுக்கணக்கில் அது மெல்ல மெல்லச் சிதையும். போட்டாலும் சிதையும், போடாமல் பெட்டியில் வைத்தாலும் சிதையும். வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், உடம்பின் பாரம் விழுந்ததும் பிஸ்கட்டாக நொறுங்கும். எங்கள் பரிமாறுநர் ஒருவரின் ஷூவை அன்றைக்கு அவருக்கு இரவல் வாங்கிக் கொடுத்தேன். அரை அளவு சிறியது. நடனக்கூடம் பக்கம் அவர் வரவில்லை.

ஆகவே பெட்டி கட்டுவதற்கு ஒரு வாரம் முன் ஷூவை எடுங்கள். கையால் வளைத்துப் பாருங்கள், அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பொடி உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ அதற்கு விடை கொடுத்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அரை மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடங்கள். மாலை விருந்துக்குக் கறுப்பு நிறம், கயிறு கட்டும் வகை, நீளமான கறுப்புக் காலுறை. உட்காரும்போது பேண்ட் மேலேறிக் கெண்டைக்கால் தெரிவது அழகான காட்சியன்று.

டக்சீடோதான் போட வேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாகப் போடுங்கள். நான் அதை ரசிக்கிறவன். மிக விறைப்பான உடை என்று பலரும் நினைக்கும் அது, பிறந்தபோது தளர்வான உடை. பின்னால் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் நாட்டுப்புற மாளிகையில் நெருங்கியவர்களோடு சாப்பிடும்போது அணிய, வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்றை லண்டனில் ஹென்றி பூல் என்ற தையலகத்தில் 1865-இல் தைத்துக்கொண்டார். நியூயார்க்குக்கு அருகே உள்ள டக்சீடோ பார்க்கில் 1886-இல் அமைந்த கிளப் அதற்கு அமெரிக்கப் பெயரைக் கொடுத்தது. வால் கோட்டுப் போட்டு அலுத்தவர்கள் மூச்சுவிடக் கண்டுபிடித்ததைப் போட்டுக்கொண்டு நாம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

அதன் இலக்கணம் எளிது. பேண்டின் வெளிப்பக்கத் தையல்மேல் பளபளப்பான பட்டை ஓடும். பெல்ட் போடக் கூடாது. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் முடியும் கறுப்பு போ டை. இடுப்பில் கம்மர்பண்ட் என்ற அகலமான மடிப்புப் பட்டையைக் கட்டினால் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். இதைத் தலைகீழாகக் கட்டிவருகிறவர்களே அதிகம். கம்மர்பண்ட், வெயிஸ்ட் கோட் இரண்டில் ஒன்றுதான். வெப்பக் கடலில் போகும் பயணமானால் தந்தநிறக் கோட்டும் கறுப்புப் பேண்டும் பழைய, மதிப்பான சேர்க்கை. சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம், பரிமாறுகிறவர் என்று நினைத்து உங்களிடம் தண்ணீர் கேட்பார்கள். நடந்திருக்கிறது.

வாடகைக்கு எடுப்பதானால் பயணத்துக்குச் சில வாரம் முன்பே அளவுகளை அனுப்ப வேண்டியிருக்கும். இடுப்பளவுக்கு ஜீன்ஸ் லேபிளில் இருக்கும் எண்ணை எழுதாதீர்கள். வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று பல நிறுவனங்கள் உண்மையான அளவைவிடக் குறைத்துத்தான் எண் போடுகின்றன. டேப்பை எடுத்து அளந்து எழுதுங்கள். வயிற்றை எக்காமல்.

எக்காமல் என்று சொல்லக் காரணம் உண்டு. இரண்டாவது ஃபார்மல் இரவு பயணத்தின் கடைசிப் பகுதியில் வரும். நாளுக்கு ஐந்து வேளை சாப்பிட்டுப் பழகிய ஐந்தாவது, ஆறாவது நாள். முதல் இரவில் கச்சிதமாக இருந்த பேண்டோடு அன்றைக்குக் கேபினிலேயே போராட்டம் தொடங்கும். இடுப்பில் ஒரு விரல் இடம் விட்டு எடுத்துவாருங்கள். தோளில் மாட்டும் சஸ்பெண்டர் இருந்தால் இன்னும் நிம்மதி, அது வயிற்றின் கணக்கைக் கேட்பதில்லை.

இனி இஸ்திரி. இஸ்திரிப் பெட்டியையும் கையடக்க நீராவிக் கருவியையும் கேபினில் பயன்படுத்த விடமாட்டார்கள். கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை. பாதுகாப்புச் சோதனையில் கண்டால் வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது கொடுப்பார்கள். சில கப்பல்களில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் அறை உண்டு. மற்றவற்றில் சலவைப் பிரிவிடம் கொடுக்கலாம். ஃபார்மல் இரவன்று மதியம் கொடுத்துவிட்டு மாலைக்குள் வேண்டும் என்று நிற்காதீர்கள், கப்பலில் பாதிப் பேர் அதற்குத்தான் நிற்பார்கள். ஏறிய மறுநாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். கம்பளிக் கோட்டை மட்டும் குளியலறையில் மாட்டி, சுடுநீர் ஆவி பரவ விட்டுக் கதவைச் சாத்திவைத்தால் சுருக்கம் பெரும்பாலும் இறங்கிவிடும். பருத்திச் சட்டையிடம் இது பலிக்காது.

கோட்டை மடிக்கும்போது ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, அதற்குள் மற்றத் தோளைச் செருகுங்கள். லைனிங் வெளிப்பக்கம் வந்துவிடும். பெட்டியில் எது உரசினாலும் உள்பக்கத்தோடு போகும்.

மேசைக்கு வந்தபின் ஒரு சிறு உதவி கேட்கலாம். வெள்ளை நாப்கின் கறுப்புப் பேண்டில் பஞ்சுப் பஞ்சாக ஒட்டும். கறுப்பு நாப்கின் இருக்கிறதா என்று பரிமாறுகிறவரைக் கேளுங்கள். பல உணவுக்கூடங்களில் இருக்கும், கேட்காதவர்களுக்குத் தருவதில்லை, அவ்வளவுதான்.

இறங்குவதற்கு முந்தைய இரவு பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். ஊழியர்கள் இரவோடு இரவாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் காலைக்கு வேண்டிய சட்டை, பேண்ட், ஷூவை மறக்காமல் வெளியே எடுத்துவையுங்கள். ஒருமுறை கடைசி நாள் காலை உணவுக்கு ஒருவர் கோடு போட்ட பைஜாமாவும் கேபின் செருப்பும் அணிந்து, மேலே கருநீலக் கோட்டைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு வந்தார். அலமாரியில் மாட்டியிருந்ததால் கோட்டு ஒன்றுதான் தப்பியதாம். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே திரும்பி முதுகைக் காட்டினார். பிளவு அழகாக விரிந்து நின்றது. வெள்ளை நூல் இல்லை.