காத்து பிரிஞ்சுதா?

பெருங்குடலில் கட்டி எடுத்த மாமாவைப் பார்க்கப் போன வாசகர் ஒருவரின் கேள்வி இது: "ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் தையலைக்கூட அப்புறம்தான் பார்த்தார். முதலில் கேட்டது 'காத்து பிரிஞ்சுதா?' என்றுதான். அது அவ்வளவு முக்கியமா?"

ரொம்ப முக்கியம். வயிற்றுக்குள் கைவைத்த பெரிய ஆபரேஷன்களுக்குப் பிறகு குடல் அசைவு கொஞ்ச நாளைக்கு நின்றுபோகும். பேராலிட்டிக் இலியஸ் என்பார்கள். சிறுகுடல் ஒரு நாளுக்குள் மீண்டுவிடும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள். கடைசியாக எழுவது பெருங்குடல் என்பதால், காற்று பிரிந்தால் மேலே உள்ளதெல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் செலவே இல்லாத தகவல்.

குடலின் அலையசைவு பள்ளியில் படித்ததுதான். குடல் சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருப்பதால், வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்தாலும் அது தானாக அசையும் என்று பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் 1899-லேயே காட்டிவிட்டார்கள். சரி, அப்படிப்பட்ட குடல் ஏன் நிற்கிறது? மயக்க மருந்துதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1906-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வால்டர் கேனனும் மர்ஃபியும் பூனைகளை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, மயக்க மருந்தைவிட, குடலைக் கையால் தொட்டுப் புரட்டியதுதான் அதை அதிகம் முடக்கியது என்று தெரிந்தது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: குடல் ஒரு முறை அல்ல, இரண்டு முறை நிற்கிறது. முதல் முறை நிறுத்துவது நரம்பு. கத்தி பட்டதும் தண்டுவடம் வழியாக 'நில்' என்று உத்தரவு வந்துவிடும், ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் அதன் பிடி தளர்ந்துவிடும். அதோடு போயிருந்தால் அன்று சாயங்காலமே இட்லி சாப்பிடலாம். ஆனால் குடலின் தசை அடுக்குக்குள் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் வலைபோல் பரவி, சாதாரண நாட்களில் சும்மா இருக்கின்றன. குடலைப் புரட்டியதும் இவை விழித்துக்கொண்டு, ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை அழைக்கின்றன, கூடவே நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனங்களையும் சுரக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு பட்ட தசை தளர்ந்துவிடும், சுருங்காது. இதெல்லாம் ஆரம்பிக்கவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும், முடிய நாள்கணக்கில் ஆகும். சர்ஜன் சிறுகுடலை மட்டும் தொட்டிருந்தாலும் தொடாத பெருங்குடலும் சேர்ந்து நிற்கும். ஒரு கடையில் கல் விழுந்தால் பஜார் முழுக்க ஷட்டர் இறங்குவதுபோல.

சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் குடல் சீக்கிரம் மீள ஒரு காரணம், அதில் குடலைப் புரட்டுவது குறைவு. மார்ஃபின் வகை வலி மருந்துகள் குடல் நரம்புகளிலும் போய் ஒட்டிக்கொண்டு தாமதப்படுத்தும் என்பதால் அவற்றைக் குறைத்து, சீக்கிரமே வாய்வழி உணவு கொடுக்கும் முறையை 1990-களில் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் முன்னெடுத்தார். மூளையிலிருந்து வயிறு வரை வரும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் அந்தக் காவல் செல்கள் அடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். வெறுமனே மென்றாலே வேகஸ் தூண்டப்படும் என்பதால் நோயாளிகளுக்கு சூயிங்கம் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன், பெரிய அதிசயம் எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு ரூபாய் மிட்டாயை வைத்துப் பெரிய ஆய்வு நடத்த எந்த மருந்து கம்பெனி பணம் போடும்? அரசுதான் போட வேண்டும் என்பது என் கட்சி.

அது ஒருபக்கம். காற்று பிரிந்து, டாக்டரும் சாப்பிடச் சொன்ன பிறகு, நம் வீடுகளில் ஒரு தடை வரும்: "பருப்பு வேண்டாம், சீழ் பிடிக்கும்." சீழ் பிடிக்க வைப்பது கிருமி, பருப்பு அல்ல. புண் ஆறப் புரதம் வேண்டும், அதையே தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

நான்காம் நாளும் காற்று பிரியாமல் வயிறு உப்பினால், மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போட்டு, டிரிப் ஏற்றி, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொட்டாசியம் குறைந்தால்கூடக் குடல் தசை சோர்ந்துவிடும். அதைவிடக் கவலையானது, ஒருமுறை காற்று பிரிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு மறுபடி வயிறு உப்பி, வாந்தியும் காய்ச்சலும் வந்து, நாடித்துடிப்பும் ஏறுவது. குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிகிறதோ, உள்ளே சீழ் கட்டியிருக்கிறதோ என்ற சந்தேகம் வரும், சிடி ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். கசிவு பெரிதாக இருந்தால் அன்றே மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும்.