பளபளப்பு எந்தப் பக்கம் பார்க்கணும்?

போன மே மாதம் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். மொட்டை மாடியில் ஜிஐ ஷீட் போட்ட அறை. ஷீட்டுக்கு அடியில், சூட்டைத் தடுக்கவென்று பப்புள் ஃபாயில் (காற்றுக் குமிழி பிளாஸ்டிக்கில் அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பு) அடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "காசு செலவழிச்சும் மத்தியானம் உள்ளே உட்கார முடியலையே தம்பி" என்றார்.

போய் அண்ணாந்து பார்த்தேன். ஒரே வெள்ளை. ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் வெள்ளை பிளாஸ்டிக் உள்ள ரகம் அது. அலுமினியப் பக்கத்தை மேலே வைத்து ஷீட்டோடு ஒட்டி அடித்திருந்தார்கள். "கண்ணாடி மாதிரி இருக்கிற பக்கம் வெயிலைத்தானே பார்க்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஷீட்டுக்கு அடியில் வெயில் ஏது? அங்கே இருப்பது கொதிக்கும் தகரம். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஃபாயிலுக்குச் சூடு நேராகவே ஏறிவிடும். பிரதிபலிக்க இடமே இல்லை.

அவர் வீட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி நிமிர்த்தி வைத்தேன். அரையடி தள்ளி உள்ளங்கையைக் காட்டினால் அனல் அடித்தது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைப் பெட்டியின் மேலேயே ஒட்ட வைத்தேன். அனல் சட்டென்று குறைந்தது. தாளும் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் அலுமினியம் சூட்டை வெளியே வீச மறுக்கிறது. அதன் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை அழுத்தினேன். திரும்பவும் அனல். அவர் கூரையில் அந்தக் காகிதத்தின் வேலையைத்தான் வெள்ளை பிளாஸ்டிக் செய்துகொண்டிருந்தது.

தூசி படியாத அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் 95 சதவீதம் அளவுக்குத் திருப்பிவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் பிரித்து, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினுக்குக் கீழே கம்பி வலை கட்டி, ஷீட்டுக்கும் ஃபாயிலுக்கும் இடையே காற்று ஓடும்படி விட்டு, பளபளப்பைக் கீழே பார்க்க வைத்தோம். மேலே பார்த்தாலும் வேலை செய்யும், தூசி படியும்வரை. நம்ம ஊர் தூசிக்கு அது எத்தனை நாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம், மின்சாரம். இதில் விளையாட்டே கூடாது. ஃபாயில் கூரை முழுக்க விரித்த ஒரு மின்கம்பி மாதிரி. ஆஸ்திரேலியாவில் அரசு 2009-இல் தொடங்கிய வீட்டு வெப்பக் காப்புத் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதில் ஃபாயிலை உலோக ஸ்டேப்பிள் போட்டு அடிக்கும்போது மின்சாரம் பாய்ந்து இறந்தவர்களும் உண்டு. 2010 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்தினார்கள். மெயினை அணைத்து, ஒயர் எல்லாம் பைப்புக்குள் போகிறதா என்று பார்க்காமல் நான் ஏணியில் ஏறுவதில்லை. கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடவும் விடமாட்டேன். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

கான்கிரீட் கூரைக்காரர்களும் ஃபாயில் கேட்கிறார்கள். முதலில் மேலே வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்துப் பாருங்கள், செலவும் குறைவு என்பேன். அப்படிச் சொல்லியே இந்த வருடம் இரண்டு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது.