வெள்ளியோடு உருகிச் சேரும் கருப்பு

ரஷ்யாவின் வடக்கில், சுகோனா, யூக் என்ற இரண்டு ஆறுகள் கலந்து வடக்கு த்வினாவாகப் புறப்படும் இடத்தை ஒட்டி இருக்கிறது வெலிக்கி உஸ்தியூக். சைபீரியாவுக்கும் வெண்கடலுக்கும் போன சரக்குப் படகுகள் இந்தக் கரையைத் தொட்டுச் சென்ற காலத்தில் ஊரில் பணம் புரண்டது. வியாபாரிகள் இருந்த இடத்தில் வெள்ளிப் பத்தர்களும் சேர்ந்தார்கள்.

அவர்களுடைய பெயர் பெற்ற வேலை ‘செர்ன்’. வெள்ளியில் கருப்புச் சித்திரம். பார்த்தால் மை தீட்டியது போலத் தோன்றும். ஆனால் அது வண்ணமே இல்லை. கொலுசைக் கருக்க வைக்கும் அதே வெள்ளி சல்பைடுதான், அதாவது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த பொருள்தான், இதிலும் இருக்கிறது. அங்கே தேய்த்துப் போக்குகிறோம். இங்கே வேண்டுமென்றே தயாரிக்கிறார்கள்.

வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் மூசையில் உருக்கிக் கந்தகத்தைச் சேர்க்கிறார்கள். மூச்சை அடைக்கும் புகை கிளம்பும். கந்தகம் உலோகங்களோடு சேர்ந்து கருப்பான சல்பைடுக் கலவையாகிறது. உலோகம் போல வளையாது, தட்டினால் நொறுங்கும். அதனால்தான் அதை மாவாக இடிக்க முடிகிறது.

இன்னொரு பக்கம், வெள்ளித் தகட்டில் சிற்றுளியால் படத்தைச் செதுக்குகிறார்கள். அந்தப் பள்ளங்களில் ஈரமாக்கிய கரும்பொடியை நிரப்பி, காய்ந்த பிறகு தீயில் காட்டுகிறார்கள். வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். பொடியோ அதற்குப் பல நூறு டிகிரி முன்பே உருகிவிடும். இந்த இடைவெளிதான் முழு வித்தையையும் தாங்குகிறது. உருகிய கலவை பள்ளத்தின் சுவரை நனைத்து, வெள்ளியோடு ஒட்டி உறைகிறது. சூடு எல்லை மீறினால் ஈயம் வெள்ளியையே அரித்துக் குழி விழச் செய்துவிடும். பல நாள் செதுக்கியது சில நிமிடங்களில் பாழ்! தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் கண்ணை மட்டும் நம்பி இதைச் செய்திருக்கிறார்கள் என்பது என்னை அசர வைக்கிறது.

ஆறியதும் மேலே வழிந்த கருப்பை அரத்தால் ராவி எடுத்து மெருகேற்றுகிறார்கள். கருப்பு பள்ளத்தில் மட்டும் தங்குகிறது. வெள்ளியோடு ஒன்றிவிட்டதால் சாதாரணமாகத் துடைத்தால் போகாது. 18ஆம் நூற்றாண்டு மூக்குப்பொடி டப்பாக்களில் ஊர்க்காட்சிகளையும் வரைபடங்களையும்கூட இப்படிப் பதித்தார்கள்.

இந்த ஊரில் ஒரு பழங்கதையும் உண்டு. 1290இல் ஒரு கல்மேகம் ஊர்மேல் வந்ததாம்; புரோகோப்பி என்ற துறவி மன்றாடியதும் அது விலகிக் காட்டில் கற்களைக் கொட்டியதாம். பனியுகத்தில் பனியாறுகள் இழுத்து வந்து விட்டுப்போன பாறைகள் வட ரஷ்யாவில் ஏராளம். அவற்றைப் பார்த்த மக்களிடம்தான் இந்தக் கதை பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

செர்ன் கலை ஒரு கட்டத்தில் அழிவின் விளிம்புக்கே போனது. கலவைப் பக்குவம் தெரிந்த பழைய பத்தர்களில் கடைசியாக மிஞ்சியவர் மிகயீல் சிர்க்கோவ். அவர் அதை இளையவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1933இல் அவர்கள் சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினார்கள். இன்றைய ‘செவெர்னயா செர்ன்’ தொழிற்சாலை அதிலிருந்து வளர்ந்ததுதான்.