சொரோரிட்டி ஹானர் சொசைட்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரியில் படித்த சில பெண்களின் தன்விவரக் குறிப்பில் 'ரோ லாம்டா' என்றொரு வரியைப் பார்க்கலாம். இரண்டும் கிரேக்க எழுத்துகள். சொரோரிட்டிகள் என்ற கல்லூரிப் பெண்களின் அமைப்புகளில் தலைமைப் பண்பால் முன்னுக்கு வந்த மாணவிகளைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பிக்கும் ஹானர் சொசைட்டி அது. இதை 'கௌரவ சகோதரிகள் சங்கம்' என்று தமிழாக்கினால் பொருள் இரண்டு இடத்தில் தவறிவிடும்.

முதலில் சொரோரிட்டி. லத்தீனில் 'சொரோர்' என்றால் உடன்பிறந்தாள். வடமொழியின் 'ஸ்வஸ்ரு', ஆங்கிலத்தின் 'சிஸ்டர்' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. கல்லூரிக்குள் இந்தச் சொல் வந்த கதை அருமையானது. ஃபிரட்டர்னிட்டி என்ற ஆண் மாணவர் அமைப்புகளில் இடம் கிடைக்காத பெண்கள் தாங்களே அமைப்புகளைத் தொடங்கினார்கள். 1870இல் இந்தியானாவில் பிறந்த கப்பா ஆல்ஃபா தீட்டா தன்னைப் 'பெண்கள் ஃபிரட்டர்னிட்டி' என்றே அழைத்துக்கொண்டது. 'ஃபிராட்டர்' என்றால் லத்தீனில் உடன்பிறந்தவன். பெண்களின் அமைப்புக்கு அண்ணன் தம்பிப் பெயர்! 1874இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய காமா ஃபை பீட்டாவுக்கு, 1882இல் அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி 'சொரோரிட்டி' என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தார். கல்லூரிப் பெண்கள் அமைப்பு என்ற பொருள் அப்புறம்தான் வழக்கில் ஊன்றியது.

1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா போன்ற கறுப்பினப் பெண்களின் சொரோரிட்டிகளில் ஒருவரையொருவர் இன்றும் 'சொரோர்' என்றே விளிக்கிறார்கள். தமிழ்த் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் அந்த அமைப்பைச் சேர்ந்தவர். 2020இல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, தன் குடும்பம் எது என்று சொல்லிவந்த வரிசையில் அதையும் சேர்த்துச் சொன்னார்.

தமிழில் என்ன சொல்வது? 'சகோதரி' என்பதற்கே ஒரே வயிற்றில் பிறந்தவள் என்றுதான் பொருள். இவர்களோ பிறப்பால் அல்ல, தேர்வால் சேர்ந்தவர்கள். சங்கப் பாடல்களில் தலைவியோடு அருவியாடி, தினைப்புனம் காத்து, கூடவே திரியும் தோழியர் கூட்டத்துக்கு 'ஆயம்' என்று பெயர். எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தெரியவில்லை. தீர்ப்பாயம், ஆயத்தீர்வை என்று வேறு பொருள்களிலும் அந்தச் சொல் புழங்குவதால் 'மகளிர் ஆயம்' என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது.

அடுத்தது ஹானர். லத்தீனில் இது மதிப்பையும் குறித்தது, மக்கள் கொடுக்கும் அரசுப் பதவியையும் குறித்தது. தலைமைக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. தமிழில் 'கௌரவ' என்று முன்னால் போட்டால் நம் காதில் விழுவது வேறு. கௌரவ விரிவுரையாளர் நிரந்தரப் பணியில் இல்லாதவர். கௌரவ டாக்டர் பட்டம் படித்து வாங்காதது. 'கௌரவக் கொலை' என்ற தொடரைத் தள்ளி 'ஆணவக் கொலை' என்று எழுதத் தொடங்கியதும் இந்தச் சொல்லின் மேல் படிந்த கறையால்தான். ஹானர் சொசைட்டியில் இடம் சும்மா கிடைப்பதில்லை. 1776இல் தோன்றிய ஃபை பீட்டா கப்பா படிப்பில் சிறந்தவர்களையே எடுக்கிறது. பெண்களை அது முதலில் சேர்த்தது 1875இல், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில். 1959இல் மயாமி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆர்டர் ஆஃப் ஒமேகா, ஃபிரட்டர்னிட்டி, சொரோரிட்டி உறுப்பினர்களில் தலைமைப் பொறுப்பில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கிறது.

ஆகவே 'தகைசால்' என்பதே சரி. தகை என்றால் பெருமை, தகுதி. சால்தல் என்றால் நிறைதல். சான்றோர் என்ற சொல்லில் இருப்பதும் இந்தச் சால்தான். தமிழ்நாடு அரசின் 'தகைசால் தமிழர்' விருதாலும் 'தகைசால் பள்ளி'களாலும் சொல் ஏற்கெனவே பழகிவிட்டது. ஹானர் சொசைட்டி 'தகைசால் அவை' ஆகட்டும். ரோ லாம்டாவை, 'மகளிர் ஆயங்களில் தலைமையால் சிறந்தவர்களின் தகைசால் அவை' என்று எழுதலாம்.