வராத புற்றுநோய்க்கு ஓர் அறுவை சிகிச்சை: அந்தப் பெண்களின் மனதுக்கு என்ன ஆகிறது?

இரண்டு மார்பகங்களையும் அகற்றிய பிறகு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பும்போது, பெரும்பாலும் அவர் விலாப் பக்கத்தில் மெல்லிய குழாய்கள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் குமிழ். காயத்தில் ஊறும் நீர் அதில் வந்து சேரும். காலையும் மாலையும் அதைத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று ஒரு தாளில் குறித்து, குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மறுபடி மூட வேண்டும். நலம் விசாரிக்க வருகிறவர்கள் "எந்த ஸ்டேஜ்ல கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்பார்கள். ஆனால் இவருக்குப் புற்றுநோயே வரவில்லை. வந்துவிடக் கூடாது என்றுதான் இந்த அறுவையைச் செய்துகொண்டார்.

காரணம், பிறக்கும்போதே உடன் வந்த ஒரு மரபணுப் பழுது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்கள் நம் எல்லார் உடம்பிலும் உண்டு. டிஎன்ஏ இழை அறுந்துபோகும்போது அதைப் பிசகில்லாமல் ஒட்டவைப்பது இவற்றின் வேலை. ஒவ்வொன்றிலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். ஒரு பிரதி பழுதாகவே பிறந்தாலும் மற்றொன்று சமாளித்துக்கொள்ளும். ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால், ஒட்டப்படாத பிழைகள் சேர்ந்து புற்றுக்கு வழி திறக்கும். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, பிஆர்சிஏ1 பழுதுள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100இல் 72 பேருக்கு மார்பகப் புற்றும், 44 பேருக்குச் சினைப்பைப் (ஓவரி) புற்றும் வரலாம். பிஆர்சிஏ2 என்றால் 69, 17. அம்மா வழியில் மட்டும்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பாவும் கொடுக்கலாம், யாரிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச் சேர சரிபாதி வாய்ப்பு.

மார்பகத்தை ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, மாமோகிராம் என்று கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். அகற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சினைப்பையின் நிலைமை வேறு. அதில் வரும் புற்றை, உயிரைக் காக்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் பரிசோதனை எதுவும் இன்றுவரை கைக்கு வரவில்லை. அதனால்தான் பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள், பிள்ளை பெற்று முடித்த பிறகு, சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

சரி, அறுவைக்குப் பிறகு மனம் எப்படி இருக்கிறது? முதலில் நடப்பது, பயம் இறங்குவது. அம்மாவையோ அக்காவையோ இந்த நோய்க்குக் கொடுத்த ஒரு பெண்ணுக்கு, ஒவ்வொரு ஸ்கேன் நாளும் முடிவு வரும்வரை தூக்கமில்லாத நாள்தான். குளிக்கும்போது விரலில் ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்கு முழுக்க வேறு எதுவும் ஓடாது. அறுவை மார்பகப் புற்றின் ஆபத்தை 90 சதவீதமோ அதற்கு மேலோ குறைக்கிறது. அதோடு இந்தக் காத்திருப்பும் போகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தடுப்பு அறுவை செய்துகொண்டவர்களிடம், சராசரியாகப் பதினான்கரை ஆண்டுகள் கழித்துக் கேட்டார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வில், 572 பேரில் 74 சதவீதம் பேர் புற்றுநோய்க் கவலை குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். செய்துகொண்டதில் நிறைவு என்றவர்கள் 70 சதவீதம். அதே ஆய்வில் 36 சதவீதம் பேர் தங்கள் தோற்றத்தைப் பற்றிய நிறைவு குறைந்ததாகவும், 25 சதவீதம் பேர் பெண்மை உணர்வே குன்றியதாகவும் சொன்னார்கள். நிம்மதியும் இழப்பும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியும். "அதான் பயம் போச்சே, இன்னும் எதுக்கு அழற?" என்று கேட்பவர்களுக்கு இது புரிவதில்லை.

அந்த இழப்பில் வெளியே தெரியாத ஒன்று, தொடு உணர்வு. மார்பின் தோலுக்கு உணர்வு தரும் நரம்புகள் விலா எலும்புகளின் இடைவெளியிலிருந்து கிளம்பி மார்பகத் திசுவின் ஊடாகத்தான் மேலே வருகின்றன. திசுவை எடுக்கும்போது அவையும் அறுபடுகின்றன. மார்பை மறுபடி உருவாக்கும் மறுசீரமைப்பு அறுவையில் அழகான வடிவத்தைக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் மேல்தோல் பெரும்பாலும் மரத்தே இருக்கும். வெந்நீர்ப் பையை மார்பில் வைத்துக்கொண்டு, சூடு தெரியாமல் கொப்புளம் கண்டவர்கள் உண்டு. குழந்தை வந்து கட்டிக்கொள்ளும்போது தோளில் அதன் கன்னம் தெரியும், மார்பில் ஒன்றும் தெரியாது. இதை முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் துக்கம் இருந்தாலும் அதிர்ச்சி இருக்காது. பல பெண்களுக்கு இது கண்ணாடி முன்னால் நின்ற பிறகுதான் தெரிய வருகிறது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

சினைப்பை அறுவை மனதைத் தொடும் விதம் வேறு. இங்கே வேதியியலும் சேர்ந்துகொள்கிறது. இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சில ஆண்டுகளில் ஏறி இறங்கி மெல்ல வடியும். அறுவையில் அது சில நாட்களிலேயே அடியோடு விழுகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிதான் உடல் சூட்டைச் சீராக வைத்திருக்கிறது. கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் போனதும் அந்தப் பொறுமையின் எல்லை குறுகிவிடுகிறது. துளி சூடு கூடினாலே "உடம்பு கொதிக்கிறது" என்று தப்புக் கணக்குப் போட்டு, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. அதிகாலை மூன்று மணிக்கு நைட்டி நனைந்து, தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு விழித்தே கிடக்கும் 38 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பல நாள் இப்படித் தூக்கம் கெட்டால் யாருக்கும் எரிச்சல் வரும், மனம் தளரும். பிறப்புறுப்பு வறண்டு உடலுறவு வலிக்கும், விருப்பமும் குறையும். கணவன் இதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறான், மனைவி தன் குற்றம் என்று எடுத்துக்கொள்கிறாள். மார்பகப் புற்று வராதவர்களுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் மருந்து கொடுக்க முடியும். அதுபற்றி அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், முடிவை யார் எடுத்தார்கள் என்ற கேள்வி. 1998இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இரண்டு மார்பகங்களையும் தடுப்புக்காக அகற்றிக்கொண்ட 370 பெண்களில் 21 பேர் மட்டுமே பின்னாளில் வருந்தினார்கள். அந்த 21 பேரில் 19 பேரிடம் அறுவைப் பேச்சை முதலில் எடுத்தவர் மருத்துவர். தாங்களே பேச்சைத் தொடங்கிய 108 பேரில் வருந்தியவர்கள் இரண்டே பேர். பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதே இவ்வளவு வித்தியாசம் செய்கிறது. மரபியல் ஆலோசனை, மனநல ஆலோசனை, ஏற்கெனவே இதைக் கடந்து வந்த ஒரு பெண்ணோடு நேரில் பேசுவது, இவையெல்லாம் கூடுதல் வசதிகள் அல்ல, சிகிச்சையின் பாகம் என்று நான் நினைப்பது இதனால்தான். 2013 மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி தன் மார்பகத் தடுப்பு அறுவையைப் பற்றி வெளிப்படையாக எழுதியபோது, பிரிட்டனில் மரபணு ஆலோசனைக்கு வருவோர் எண்ணிக்கை சட்டென்று இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. கேட்கத் தயங்கியிருந்தவர்கள் அத்தனை பேர்.

சோதனையில் பழுது இல்லை என்று வந்த தங்கையும் நிம்மதியாக இருந்துவிடுவதில்லை. "அக்காவுக்கு மட்டும் ஏன்?" என்று அவளுக்குள் ஒரு குற்ற உணர்வு உட்கார்ந்துகொள்கிறது. அவளையும் யாராவது விசாரிக்க வேண்டும்.

இப்போது வேறொரு வழியும் சோதிக்கப்படுகிறது. சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று தெரியவந்திருக்கிறது. அப்படியானால் முதலில் குழாயை மட்டும் எடுத்துவிட்டு, சினைப்பையைச் சில ஆண்டுகள் கழித்து எடுத்தால் என்ன? நெதர்லாந்தில் இதைச் செய்து பார்த்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டவர்களில் ஹார்மோன் மருந்து சாப்பிட்டவர்களைவிடவும், குழாயை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களின் அன்றாட வாழ்க்கை நன்றாக இருந்தது. புற்றைத் தடுப்பதில் இந்த வழி அதே அளவு பாதுகாப்பானதா என்பது தெரிய இன்னும் பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.